ஞாயிறு லீவுக்குப் பயந்தவர்கள்: அவிநாசி, அமராவதி நகர், டிசம்பர் 1986

போன மாதம் எழுதிய கொடிவேரி பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார், அவிநாசியையும் அமராவதி அணையையும் மூன்று நாளில் நிதானமாகப் பார்க்க முடியுமா என்று. முடியும். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நான் போனது 1986 டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில். ஊர் பார்க்கவும் போகவில்லை. தம்பியோடு சண்டை போடப் போனேன். அணை, கோயில் எல்லாம் அந்தச் சண்டையின் நடுவில் பார்த்தவை.

தம்பி பெயர் சீனி. அப்போது இருபத்தாறு வயது. அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் நான்கு வருஷமாக வேலை. மில்லின் பெயர் வேண்டாம். அவன் இருந்தது புளோ ரூமில். பஞ்சுப் பொதியைப் பிரித்து இயந்திரத்துக்குள் போட்டு, அடித்து, தூசி தும்பு நீக்குகிற முதல் இடம் அது. நூல் அங்கிருந்துதான் தொடங்குகிறது, தும்மலும் அங்கிருந்துதான்.

பதினைந்து மாதமாக அவன் சாத்தூருக்கு வரவில்லை. அப்பாவின் முதல் திதிக்கு ஐந்து நாள் வந்து போனவன், அதன்பிறகு தீபாவளிக்கும் இல்லை, பொங்கலுக்கும் இல்லை. கடிதம் மட்டும் ஒழுங்காக வரும். ஒவ்வொன்றிலும் ஒரே காரணம்: "லீவு போட்டால் எனக்கு உடம்பு கெட்டுவிடுகிறது." நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. உடம்பு சரியில்லை, லீவு வேண்டும் என்று ஆயிரம் கடிதம் படித்திருக்கிறேன். லீவு எடுத்தால் உடம்பு சரியில்லாமல் போகும் என்று எழுதிய முதல் ஆள் என் தம்பிதான். அங்கே ஒரு குடும்பம் வைத்திருக்கிறான் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். கோவில்பட்டியில் ஒரு பெண் பார்த்து, தை மாதம் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளை மில்லில் நிரந்தர வேலை என்பதில் பெண் வீட்டாருக்கு ரொம்பத் திருப்தி. மாப்பிள்ளை நேரில் வருவாரா என்பதுதான் தெரியவில்லை. "நீ போய் அவனை இழுத்துட்டு வா. வரலைன்னா ஏன்னு தெரிஞ்சுட்டாவது வா" என்றாள் அம்மா.

சனிக்கிழமை காலை 5.10-க்குச் சாத்தூரில் பஸ். மதுரைக்கு 6 ரூபாய் 50 பைசா, இரண்டு மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு 7.45-க்குத் திருப்பூர் வண்டி ஏறினேன். 17 ரூபாய் 50 பைசா. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக ஏறக்குறைய 190 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடைகள் ஏறி இறங்கியதில் இருபது நிமிடம் போயிற்று. இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், மலை துணைக்கு வரும். நான் வலது பக்கம் உட்கார்ந்து, வழி முழுக்க வெயிலில் வெந்துகொண்டே, தம்பியிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

திருப்பூரில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. அந்த ஊரில் சும்மா போகிற சைக்கிள் ஒன்றுகூட இல்லை. எல்லாக் கேரியரிலும் பனியன் துணி மூட்டை. காற்றில் பிளீச்சிங் பவுடர் வாசம். நான் பெட்டியோடு திகைத்து நிற்பதைப் பார்த்த கண்டக்டர், "ஏனுங்க, அவிநாசிக்குங்களா? வண்டி அக்கட்டால நிக்குதுங்க. மெதுவாப் போனாப் போதும், அவசரமில்லீங்க" என்றார். எங்கள் பக்கத்துக் கண்டக்டர் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் ஏதோ கடன் கேட்கப் போகிறார் என்று அர்த்தம். அவிநாசிக்கு 14 கிலோமீட்டர், 1 ரூபாய் 40 பைசா, முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து மில்லுக்கு இரண்டு கிலோமீட்டர் நடை.

மில் கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதில் வாழைத்தார்கள் வரிசையாகத் தொங்கின. ஒரு டீக்கடைக்கு இத்தனை பழம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே நின்றேன். இரண்டு மணிக்குச் சங்கு ஊதி முதல் ஷிப்ட் விட்டதும் விளங்கியது. வெளியே வந்தவர்களில் ஒரு எட்டுப் பேர் தலை, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருந்தார்கள். நேராகக் கடைக்கு வந்து ஆளுக்கு ஒரு பழம், ஒரு துண்டு வெல்லம் வாங்கித் தின்றார்கள். பழமும் வெல்லமும் நெஞ்சில் படிந்த பஞ்சை வழித்துக்கொண்டு வயிற்றுக்கு இறக்கிவிடுமாம். புளோ ரூம்காரர்களின் வழக்கம் அது. அந்த எட்டு வெள்ளைத் தலைகளில் ஒன்று என் தம்பி.

"அக்கா, நீயா" என்று ஓடி வந்தான். நன்றாகத்தான் இருந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான், ஆனால் சிரிப்பும் நடையும் பழைய சீனிதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கண்ணிமையில் ஒட்டியிருந்த பஞ்சை என் முந்தானையால் துடைத்துக்கொண்டே திட்டினேன். "உடம்பு கெட்டுப் போச்சுன்னு எழுதுற, குத்துக்கல்லாட்டம் நிக்கிற. அம்மா அங்க உனக்குப் பேரன் பேத்தியே இருக்குன்னு நினைச்சுட்டிருக்கா."

"லீவு போட்டாத்தான்க்கா கெடும். நான்தான் போடுறதில்லையே" என்றான், அது உலகத்துக்கே தெரிந்த விஷயம் மாதிரி.

அவனோடு வந்தவர் காதர். ஊர் தாராபுரம், வயது நாற்பத்தாறு, அந்த மில்லில் பத்தொன்பது வருஷம். தம்பி குடியிருந்த லைன் வீடுகளில் பக்கத்து வீடு அவருடையது. "வாங்க அம்மிணி, ஊட்டுக்குப் போயிப் பேசலாமுங்க" என்றார். நடக்கும்போது நூறு அடிக்கு ஒரு தரம் நின்றார். ஒவ்வொரு தரமும் ஏதோ ஒரு மரத்தையோ மாட்டையோ காட்டி ஒரு வார்த்தை சொன்னார். அவர் நின்றது மூச்சு வாங்க என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ரசனையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் காதர் வீட்டில் அவருடைய மனைவி மைமூன் கொடுத்த டீயைக் குடித்தபடி முழுக் கதையும் கேட்டேன். மில்லுக்கு ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் ஐந்தாறு மணி நேரத்தில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கும். இருமல், மூச்சிரைப்பு. செவ்வாய் கொஞ்சம் பரவாயில்லை. புதன், வியாழன் வந்தால் ஒன்றும் இருக்காது. மறுபடி ஞாயிறு, மறுபடி திங்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறோம் என்று யோசித்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம், கறி தின்கிறோம், பகலில் தூங்குகிறோம். ஆக, ஓய்வில் உடம்பு குளிர்ந்து போய் நெஞ்சில் கட்டிக்கொள்கிறது. கணக்கு நேராகத்தானே இருக்கிறது? முதலில் எண்ணெயை விட்டார்கள். பிறகு கறியை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமையையே விட்டுவிட்டார்கள். அன்று இயந்திரம் நிற்கும்போது அடியில் இருக்கிற தூசி அறையைக் கூட்டி அள்ளும் வேலை இருக்கும். புளோ ரூம்காரர்கள் எட்டுப் பேரும் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஏழு நாளும் உள்ளே. அதன்பிறகு திங்கட்கிழமை நெஞ்சு கட்டவில்லை.

"அப்பா திதிக்கு வந்துட்டுப் போனேன்ல, அஞ்சு நாள். திரும்பி வந்து முதல் ஷிப்ட்லயே விழுந்துட்டேன்க்கா. காதர் அண்ணன்தான் தூக்கிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் எப்படி வரச் சொல்ற?"

நான் நம்பவில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்தவள் என்ற திமிரில், இது மனப்பயம் என்று தீர்மானித்தேன். மூன்று நாள் லீவு எடுக்க வைத்து, ஊர் சுற்றிக் காட்டி, எண்ணெயும் தேய்த்துவிட்டால் பயம் தெளிந்துவிடும், தைக்கு ஊருக்கு வந்துவிடுவான் என்பது என் திட்டம்.

காதர் மெல்ல, "வேண்டாமுங்க அம்மிணி. நாங்க பட்டுப்போட்டுச் சொல்றமுங்க" என்றார். நான் கேட்கிற நிலையில் இல்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு மில் கேட் வாசலில் என் தகரப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். சீனி உள்ளே போனால் நான் அங்கேயே இருப்பேன் என்றேன். வாட்ச்மேனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. "ஏனுங்க டீச்சரம்மா, இப்படி உக்காந்தா எப்படீங்க, லாரி வருமுங்க" என்று கையைப் பிசைந்தார். எட்டுப் பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சீனிக்கு மானம் போயிற்று. மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். வழி முழுக்க எனக்குப் பத்தடி முன்னாலேயே போனான்.

எண்ணெய் தேய்த்து உட்கார வைத்தபோது முகம் கொஞ்சம் இளகியது. பிறகு கோயில். நீங்கள் போனால் காலை ஏழு மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. குளத்தில் முதலை விழுங்கிய பிள்ளையை வருஷங்கள் கழித்து உயிரோடு மீட்டுக் கொடுத்த தலம் என்பார்கள். பெரிய தேரையும் கட்டாயம் பாருங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நான் சன்னதியில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சீனி கேட்டான். "உன் கிறுக்கு தெளியணும்னு" என்றேன். வெளியே வந்து பொரியும் கடலையும் வாங்கி, பழைய சண்டைகளைப் பேசிக்கொண்டு மாலை வரை மர நிழலில் இருந்தோம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அவிநாசியிலிருந்து திருப்பூர், அங்கிருந்து பல்லடம் வழியாக உடுமலை. திருப்பூரிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம், ஆளுக்கு 5 ரூபாய். உடுமலையிலிருந்து அமராவதி நகருக்கு 24 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் 2 ரூபாய். வழியெல்லாம் கரும்பும் தென்னையும். பத்தரை மணிக்கு அணையடியில் இறங்கினோம்.

அணைக்கு மேலே ஏறப் படிகள் உண்டு. எண்ணவில்லை, ஆனால் என் மூட்டு எண்ணியது. நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். சீனி நிற்காமல் மேலே ஏறிப் போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, திங்கட்கிழமைக்கா இன்னைக்கு" என்று கத்தினான். மேலே போய்ப் பார்த்தால் வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டு நிற்கிறான். எதிரே மூன்று பக்கமும் மலை, நடுவில் தண்ணீர், அதன்மேல் வருகிற குளிர்ந்த காற்று. "இப்படி மூச்சு விட்டு எத்தனை நாளாச்சு தெரியுமாக்கா" என்றான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு, நான் சொன்னது சரியாகப் போயிற்று என்ற கர்வமும் வந்தது, மறைப்பானேன்.

கீழே முதலைப் பண்ணை இருக்கிறது. கல் மாதிரி கிடக்கும் முதலைகளைப் பார்த்துவிட்டு, "நம்ம சூப்பர்வைசர் மாதிரியே இருக்குக்கா, அசையாம எல்லாத்தையும் பாக்குது" என்றான். பக்கத்துக் கடைகளில் அணை மீனைப் பொரித்துத் தருவார்கள். நிறுத்துக் கேளுங்கள், கண்ணளவுக்கு வாங்காதீர்கள். நாங்கள் இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டது எட்டு ரூபாய்க்கு. மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தான். மார்பில் ஒரு கரகரப்பும் இல்லை, சின்ன வயதில் தூங்குகிற மாதிரியே மூச்சு வந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே போயிற்று. "லீவு போட்டு மூணு நாளாச்சு, செத்தா போயிட்ட?" என்று கேட்டேன். "நாளைக்குச் சேத்து வச்சு அடிக்கும் பாரு" என்றான் சிரித்துக்கொண்டே.

புதன்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனான். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு மைமூன் ஓடி வந்து, "டீச்சர், கேட்டுக்கு வாங்க" என்றார்.

காதரும் இன்னொருவரும் சீனியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். "அக்" என்பதோடு நின்றுவிட்டது, மீதிக்குக் காற்று இல்லை. நான் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பத்தொன்பது வருஷ அனுபவக்காரர் கும்பிடாத குறையாகச் சொன்னார், நான் பெட்டிமேல் உட்கார்ந்து என் தம்பியின் உயிரைப் பந்தயம் வைத்திருக்கிறேன். காதரைப் பார்த்து, "என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க, வண்டி புடிங்க" என்றார்.

டாக்டரிடம் மாட்டு வண்டியில் போனோம். ஆட்டோ கிடைக்கவில்லை. கோயில் தேர் நிற்கும் தேர்முட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் இளைஞர், அந்தப் பக்கத்துக்காரர், படித்து முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்தார். சீனிக்கு மூச்சு இறங்கிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தக் கிழமைல வருமுங்க?"

நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். லீவு போட்டால் வரும், திங்கட்கிழமை வரும், நான்தான் மூன்று நாள் லீவு போட வைத்தேன், எண்ணெய் தேய்த்தேன், தப்பு என்னுடையது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தப்பு லீவு மேல இல்லைங்க" என்றார். "பஞ்சுத் தூசி மேலங்க. லீவுல நெஞ்சு கொஞ்சம் தேறுது. தேறுன நெஞ்சு, தூசி திரும்பிப் பட்டதும் எதுத்துக்குது. ரெண்டு மூணு நாள் போனா எதுக்கறதை உட்டுப்போடுது. நீங்க சரியாப்போச்சுன்னு நினைச்சுக்கறீங்க. நாய் மூணு நாள் குலைச்சுப்போட்டு நாலாம் நாள் சும்மா படுத்துக்கிச்சுன்னா, திருடன் போயிட்டான்னு ஆகுமுங்களா? உள்ளதான் இருக்கறானுங்க. ஞாயித்துக்கிழமையும் உள்ள போறது, குலைக்கற நாயைக் கட்டிப்போடற மாதிரிங்க."

சீனி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு நிம்மதியும் பயமும் ஒரே நேரத்தில் வந்தன.

டாக்டர் ஒரு தீக்குச்சியைக் கிழித்து, சீனியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "உதட்டைக் குவிக்காம, வாயை நல்லாத் தொறந்துட்டே ஊதுங்க" என்றார். சீனி ஊதினான். முதல் தரம் சுடர் ஆடியது. இரண்டாம் தரம் அணைந்தது. "இன்னும் கெட்டுப் போகலைங்க. இப்பவே தூசிய உட்டு வெளிய வந்துட்டா நல்லாயிருவாருங்க" என்றார்.

சுவரோரம் நின்றிருந்த காதர், "எனக்கும் ஒண்ணு புடிங்க டாக்டர்" என்றார், ஏதோ விளையாட்டில் சேர்ந்துகொள்கிற மாதிரி.

இன்னொரு குச்சி. காதர் வாயைத் திறந்து ஊதினார். சுடர் அசையவில்லை. மறுபடி ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது. சுடர் நிமிர்ந்தபடியே எரிந்து டாக்டரின் விரல்வரை வந்தது. அவர் கையை உதறினார். காதர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு எந்தக் கிழமைல வருமுங்க?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"முந்தி திங்கட்கிழமைதானுங்க. இப்ப ஒரு அஞ்சாறு வருசமா எல்லாக் கிழமையும் எனக்குத் திங்கட்கிழமைதானுங்க" என்றார் காதர்.

நூறு அடிக்கு ஒரு தரம் மரத்தையும் மாட்டையும் காட்டிய மனிதரை அப்போதுதான் நான் உண்மையில் பார்த்தேன். பத்தொன்பது வருஷம் கழித்து என் தம்பி நிற்கப்போகிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அதைச் சீனியும் பார்த்துவிட்டான்.

டாக்டர் இரண்டு பேருக்கும் மில்லுக்குக் கடிதம் கொடுத்தார், தூசி இல்லாத பகுதிக்கு மாற்றும்படி. கட்டணம் ஐந்து ரூபாய், ஒருவருக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். மில்லில் சீனிக்கு வேறு இடம் இல்லை என்றார்கள். இருபது நாள் கழித்து அவன் வேலையை விட்டான். நிரந்தர வேலையை விடுவது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. கோவில்பட்டிக்காரர்கள் செய்தி கேட்டதும் மெதுவாக ஒதுங்கிக்கொண்டார்கள், அந்தச் சம்பந்தம் போயிற்று. அம்மா அழுதாள். சீனி திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் மடித்துப் பெட்டியில் அடுக்கும் வேலையில் சேர்ந்தான். சம்பளம் குறைவு. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனது. இன்றைக்குத் தாத்தா, வேகமாக நடந்தால் கொஞ்சம் இரைக்கும், அவ்வளவுதான்.

டாக்டரைப் பார்த்த அந்த வார ஞாயிறு கிளீனிங்குக்கு எட்டுப் பேரில் ஒருவரும் போகவில்லை என்று காதர் யாரையோ வைத்து எனக்குக் கடிதம் எழுதினார். போய் ஒவ்வொருவரிடமும் பேசியது அவர்தான். தூசியை உறிஞ்சி வெளியேற்றும் கருவி வேண்டும் என்று சேர்ந்து கேட்டார்களாம். அது வர இரண்டு வருஷம் ஆனது. அதுவரை முகத்தில் கட்டிக்கொள்ளத் துணி கொடுத்தார்கள். காதர் அண்ணனைக் கேட் வேலைக்கு மாற்றினார்கள், ஆனால் அவருக்கு அது தாமதம். அதன்பிறகு நாலு வருஷம்தான் உயிரோடு இருந்தார். கடைசி வருஷம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார் என்று மைமூன் சொன்னார். எனக்கு இன்றும் ஆறவில்லை. தன் மூச்சைப் பற்றி யாரிடமும் கேட்காத மனிதர், என் தம்பிக்காக டாக்டரிடம் வந்த இடத்தில்தான் தன் நிலைமையைத் தெரிந்துகொண்டார்.

பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். கடல் தாண்டி வேறு நாடுகளின் பஞ்சாலைகளிலும் தொழிலாளிகள் இந்த நோவைத் திங்கட்கிழமையின் பெயரால்தான் சொல்லிவந்தார்களாம். பேச்சும் சாப்பாடும் வேறு, நெஞ்சு கட்டிய கிழமை மட்டும் ஒன்றே. பாதிப் பூமியைத் தாண்டி ஒரே கிழமையைச் சொல்லியும் பலருடைய மூச்சைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அன்று நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூன்று நாள் தாராளமாகப் போதும். அவிநாசிக்கு அரை நாள், அமராவதிக்கு ஒரு முழு நாள். டிசம்பர், ஜனவரி நல்ல பருவம். உடுமலையிலிருந்து அணைக்குப் போகும் கடைசி பஸ்ஸையும் திரும்பும் பஸ்ஸையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன கட்டணமெல்லாம் பழையது, அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

உங்கள் தம்பியோ, மகளோ, கூடப் படித்தவரோ அந்தப் பக்கம் ஒரு மில்லில் இருந்தால், பார்த்துவிட்டு வாருங்கள். பழமும் வெல்லமும் வாங்கிக் கொடுங்கள், ஆசைக்குத் தின்னட்டும், நெஞ்சுக்கு மருந்து என்று மட்டும் நம்ப விடாதீர்கள். எல்லோரும் செய்கிற மாதிரி ஞாயிற்றுக்கிழமை போய், சேர்ந்து சாப்பிட்டு, நன்றாகத்தான் இருக்கிறான் என்று நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். ஒரு நாள் கூடத் தங்குங்கள். திங்கட்கிழமை ஷிப்ட் விடும்போது கேட் வாசலில் நின்று, வெளியே வருகிறவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் போதும். பதிலை நடுவில் நிற்காமல் சொல்லி முடிக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.